கடலோர வீட்டுக்குக் கீலும் தாழ்ப்பாளும்: 2017 முதல் இன்று வரை

சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. தாத்தா காலத்து பர்மா தேக்குக் கதவுகள். 2017-இல் கீல், தாழ்ப்பாள், பூட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்து, சிலதைப் பழுது பார்த்தோம், சிலதை மாற்றினோம். எது தாங்கியது, எது போனது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

எங்கேயும் முதலில் போனது ஸ்க்ரூதான். பின்கட்டுக் கதவுக்கு நல்ல பித்தளைக் கீல் வாங்கினோம். கடைக்காரர் கூடவே கொடுத்தது முலாம் பூசிய இரும்பு ஸ்க்ரூ. இரண்டாவது மழைக்காலத்திலேயே அதன் தலையில் செம்பொடி பூத்தது, சுற்றி மரம் கறுத்தது. உப்புக் காற்றில் பித்தளையோடு ஒட்டியிருக்கும் இரும்பு, தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கும். ஆசாரி அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஸ்க்ரூ போட்டார். போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பித்தளை மிருது, நேரே முடுக்கினால் கழுத்து முறியும். அதனால் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிக் கழற்றி மரத்தில் மரை விழவைத்தார். பிறகு பித்தளை ஸ்க்ரூவை மெழுகுவர்த்தியில் உரசிக் கையாலேயே திருப்பினார். சோப்பு தடவினால் ஈரம் இழுக்குமாம். பெரிதாகிப்போன துளைகளில் தேக்குச் சிராயை ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, மறுநாள் காய்ந்த பிறகுதான் ஸ்க்ரூ ஏற்றினார். அந்தக் கீல்கள் இன்றும் அசையவில்லை.

வாசல் கதவின் பழைய பித்தளைத் தாழ்ப்பாளை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. நல்லவேளை, மாற்றவில்லை. புளி போட்டுத் தேய்த்து, வளைந்த கம்பியை நிமிர்த்தியதோடு சரி. இப்போது கிடைப்பதில் பாதி, இரும்பின் மேல் பித்தளை முலாம். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வாங்காதீர்கள்.

மொட்டை மாடிக் கதவுக்கு 304 என்ற தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம். பழுப்புப் புள்ளி வரும், நல்ல தண்ணீரில் துணி நனைத்து அவ்வப்போது துடைத்தால் போய்விடும். கடலுக்கு இன்னும் நெருக்கமான வீடென்றால் 316 கேளுங்கள். மாலிப்டினம் சேர்ந்தது, உப்பை நன்றாகத் தாங்கும், விலை கூடுதல். இதில் காந்தச் சோதனை உதவாது, மட்டமான 202-உம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குவதே வழி.

ஐப்பசி, கார்த்திகையில் கதவு இறுகினால் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எங்கள் நடுக்கதவு சாத்தவே முடியவில்லை. பொங்கல் கழிந்ததும் தானாகச் சரியானது. அப்போதே இழைத்திருந்தால் கோடையில் இடைவெளி விழுந்து தாழ்ப்பாள் நாதாங்கிக்கு எட்டாமல் போயிருக்கும். தாழ்ப்பாள் லேசாக இடித்தால் நாதாங்கித் துளையை அரத்தால் கொஞ்சம் ராவினாலே போதும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். தூசி சேர்ந்து உள்ளே பிசினாகிறது. பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துப் போட்டுத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திறக்கிறது.

வாங்க மண்ணடி செம்புதாஸ் தெருப் பக்கம் போகிறவர்கள் பழைய கீலையே கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். நீளம் ஒத்தாலும் துளைகள் ஒத்து வராது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புதுத் துளை போட்டால் ஸ்க்ரூ பழைய துளைக்குள்ளேயே சரியும்.