நாய் உணவுப் பையின் பின்பக்கம் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள்

குட்டி நாய்க்கு ஆன்லைனில் ட்ரை ஃபுட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எங்கள் பிரௌனி வளர்கிற லாப்ரடார் குட்டி. அவளுக்கு 'முழுமையான ஊட்டம்' என்று சொல்லி எங்களிடம் விற்கப்பட்டது முழு உணவே கிடையாது. அந்த விவரம் பையின் பின்பக்கம் ஒரு வரியில் அச்சாகியிருந்தது. விற்பனையாளர் தன் ஸ்டிக்கரைச் சரியாக அந்த வரியின் மேல் ஒட்டியிருந்தார்.

வாங்குவதற்கு முன்பே சாட்டில் கேட்டேன், பெரிய இனக் குட்டிக்கு இதை மட்டும் கொடுத்தால் போதுமா என்று. "தாராளமா கொடுக்கலாம் சார், வேற எதுவுமே தேவையில்லை, எல்லா வயசுக்கும் ஏத்தது" என்று பதில் வந்தது. பையும் பார்க்க அமர்க்களமாக இருந்தது. முன்பக்கம் ஓநாய்ப் படம், அதைச் சுற்றி கிரெயின் ஃப்ரீ (தானியம் இல்லாதது), ஹோலிஸ்டிக், சூப்பர் பிரீமியம் என்று தங்க எழுத்துகள். இதில் ஹோலிஸ்டிக், பிரீமியம் இரண்டுக்கும் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், போட்டும்கொள்கிறார்கள்.

குட்டி ஆசையாகத்தான் சாப்பிட்டாள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெரும்பாலான ட்ரை ஃபுட் உருண்டைகளின் மேல் கடைசியில் கொழுப்பும் சுவையூட்டியும் தெளிப்பார்கள், நாய் அந்த வாசனைக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் மலம் இளகியது. அப்புறம் முடியின் பளபளப்பு போனது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. விற்பனையாளரிடம் கேட்டால், "புது உணவுன்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்றார். உண்மையைப் பாதி கலந்து சொல்கிற பொய் இது. பழைய உணவோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்ற வேண்டும், அந்த இடைவெளியில் வயிறு லேசாகக் கலங்குவது உண்டு. அதைத் தாண்டியும் தொடர்ந்தால், குட்டியின் எடை ஏறாமல் நின்றால், அதற்குப் பெயர் பழக்கம் இல்லை.

டாக்டர் குட்டியைப் பார்த்த கையோடு "சாப்பாட்டுப் பையைக் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்டார். வண்டியில் இருந்தது, எடுத்து வந்தேன். முன்பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. மேஜையில் கவிழ்த்துப் போட்டு, இறக்குமதியாளர் விவரம் என்று ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பிசின் நூல் நூலாக இழுபட்டு மெதுவாக உரிந்தது. அடியில் இரண்டு விஷயங்கள். ஒன்று, 'இடையிடையே அல்லது துணை உணவாகக் கொடுப்பதற்கு மட்டும்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. இன்னொன்று, தயாரிப்பாளர் அச்சிட்ட காலாவதித் தேதி. நாங்கள் வாங்குவதற்கு முன்பே அது முடிந்துபோயிருந்தது. ஸ்டிக்கரில் இருந்ததோ வேறொரு தேதி, அடுத்த வருடத்தது. பையை முகர்ந்து பார்க்கச் சொன்னார். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. உருண்டையில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டும் நாளாகியும் சிக்குப் பிடித்தால் கூடவே வைட்டமின் ஈ போன்றவையும் குறைந்துபோகும் என்றார்.

மறைக்கப்பட்ட அந்த வரி ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். நாய் உணவு வாங்கும்போது முதலில் தேட வேண்டியதே அதுதான். அமெரிக்க லேபிள்களில் ஏஏஎஃப்சிஓ என்ற அமைப்பின் தரஅளவைக் குறிப்பிட்டு, இது முழுமையான, சமச்சீரான உணவா, எந்த வயதுக்கு என்று ஒரு வாக்கியம் இருக்கும். ஐரோப்பிய லேபிள்களில் முழு உணவா, துணை உணவா என்று இருக்கும். துணை உணவு என்றால் வேறு உணவோடு சேர்த்துக் கொடுப்பது. அதை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சத்துக்குறைவு வரும். ஏஏஎஃப்சிஓ எந்த உணவையும் சோதித்து அங்கீகரிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். அளவுகளை வகுப்பதோடு அதன் வேலை முடிந்தது. 'ஏஏஎஃப்சிஓ அங்கீகாரம் பெற்றது' என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் அவர் புளுகுகிறார்.

வயது விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், குட்டிக்கு 22.5 என்பது அவர்கள் கணக்கு. பெரிய இனக் குட்டிக்குப் புரதத்தைவிடக் கால்சியம்தான் தலைவலி. இளம் குட்டியின் உடலுக்குக் கூடுதல் கால்சியத்தை ஒதுக்கித் தள்ளத் தெரியாது, உள்ளே போவதை இழுத்துக்கொண்டே இருக்கும். கூடினாலும் எலும்பு வளைச்சல், குறைந்தாலும் பிரச்சினை. அதனால் பெரிய இனக் குட்டிகளுக்கு உச்ச வரம்பு 1.8 சதவீதம், மற்ற நாய்களுக்கு 2.5. லேபிளில் 'பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சி உட்பட' என்று வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பையில் கால்சியம் அளவே போடவில்லை. "எல்லா வயசுக்கும்" என்று சாட்டில் சொன்னவருக்கு இது எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டியவருக்குத் தெரிந்திருக்கும்.

மூலப்பொருள் பட்டியலில் முதலில் 'கோழி' என்று இருந்ததைக் காட்டி, "பாருங்க சார், முழுக்க கறி" என்றும் சொன்னார்கள். பட்டியல் சமைப்பதற்கு முந்தைய எடை வரிசையில் போடப்படுகிறது. பச்சைக் கோழியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர், உருண்டையாகும்போது அது ஆவியாகிவிடும். அதற்குக் கீழே பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம் என்று ஒரே பொருளை மூன்றாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சேர்த்துக் கூட்டினால் அதுதான் முதலிடத்துக்கு வரக்கூடும். பெயரிலும் இதே விளையாட்டு நடக்கும். அமெரிக்க விதியில் 'கோழியுடன்' என்று போட 3 சதவீதம் கோழி போதும். 'கோழிச் சுவை' என்று போட அந்தச் சுவை தெரிகிற அளவு இருந்தால் சரி.

பெரிய எழுத்தில் போடுகிற புரதச் சதவீதமும் அப்படித்தான். பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25 ஆல் பெருக்கிச் சொல்கிற எண் அது. இந்த ஓட்டையை வைத்துத்தான் 2007-ல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற, நைட்ரஜன் நிறைந்த பிளாஸ்டிக் ரசாயனத்தைக் கலந்தார்கள். நைட்ரஜன் ஏறியது, காகிதத்தில் புரதமும் ஏறியது, நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன.

கிரெயின் ஃப்ரீ பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். தானிய ஒவ்வாமை உள்ள நாய்கள் குறைவு, ஒவ்வாமை இருந்தால் பெரும்பாலும் மாடு, கோழி, பால் போன்றவற்றின் புரதத்துக்குத்தான் என்றார். 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தானியத்துக்குப் பதிலாகச் சேர்க்கிற பட்டாணி, பருப்பு வகைகள் பட்டியலின் முன்வரிசையில் இருக்கும் உணவுகளுக்கும் நாய்களின் இதயம் விரிந்து அதன் தசை தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று விசாரிப்பதாக அறிவித்தது. அதுதான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. இருந்தாலும், தேவையில்லாத ஒன்றுக்காக அந்தச் சந்தேகத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

இனி சண்டைக் கதை. திறந்த பையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். ஸ்டிக்கர் படத்தை அனுப்பினேன், "இறக்குமதி விதிப்படி ஒட்டினது" என்றார்கள். அப்புறம் தயாரிப்பு நிறுவனத்துக்கு லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது என்று பையில் இருக்கும் எண்ணை, அனுப்பிக் கேட்டேன். பையில் அச்சிட்டதுதான் சரியான தேதி, ஸ்டிக்கர் எங்களுடையது இல்லை என்று எழுத்தில் பதில் தந்தார்கள். அந்தப் பதிலையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் விற்பனைத் தளத்துக்கு அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. மருத்துவச் செலவு எங்கள் தலையில். நடுவில் விற்பனையாளர், "ரிவ்யூவை எடுத்துடுங்க சார், அடுத்த ஆர்டர்ல தள்ளுபடி தர்றோம்" என்று வேறு கேட்டார். எடுக்கவில்லை.

அதனால், பெட்டியைப் பிரிக்கும்போதே பையின் நான்கு பக்கமும், லாட் எண்ணும் தெளிவாகத் தெரிய ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். உணவை வேறு டப்பாவில் கொட்டுகிறவர்கள் பையைத் தூக்கி எறியாதீர்கள், பையோடு டப்பாவுக்குள் வைப்பதே நல்லது. ஏதாவது ஆனால் அந்த எண் இல்லாமல் புகாரே எடுபடாது. வாங்குவதற்கு முன் பின்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள், ஸ்டிக்கர் இல்லாத படம். எங்களுக்கு விற்றவரின் பக்கத்தில் அந்த உணவு இப்போதும் விற்பனையில் இருக்கிறது. ஐந்தாறு படம் போட்டிருக்கிறார், எல்லாமே முன்பக்கம்.