வீட்டுச் சாப்பாட்டுச் சேவை: சுவையில் நிறைவு, விலையில் ஐயம்

ஒரே வீட்டுச் சமையலறையிலிருந்து புதிதாக இயங்கத் தொடங்கியிருக்கும் மதிய உணவுச் சேவையொன்றில் மாதச் சந்தா கட்டிச் சாப்பிட்டு வருகிறேன். சமையலில் குறை சொல்ல எதுவுமில்லை. எண்ணெயும் உப்பும் அளவோடு இருக்கின்றன, உணவும் சூடு ஆறுவதற்குள் வந்து சேர்கிறது. என் ஐயமெல்லாம் விலையைப் பற்றியதே.

மளிகை, காய்கறிச் செலவைக் கூட்டி, அதில் பாதியை மேலே சேர்த்து விலை வைத்திருப்பதாகச் சமைப்பவரே சொன்னார். அதாவது செலவு 100 என்றால் விலை 150. கேட்பதற்கு 50 சதவீத இலாபம் போலத் தோன்றினாலும், விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கே அவரிடம் மிஞ்சுகிறது. எரிவாயு, டப்பா, கொண்டுவந்து தருபவரின் கூலி, மீந்துபோகும் உணவு ஆகிய அனைத்தையும் அந்தப் பங்கிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். காலை முழுவதும் அடுப்படியில் நிற்கும் தமது உழைப்புக்கு அவர் கணக்கில் இடமே இல்லை என்பதுதான் மிகவும் உறுத்துகிறது. பொருட்செலவு விற்பனை விலையில் 40 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால், அதே சாப்பாட்டுக்கு அவர் 250 வாங்க வேண்டும்.

முந்தைய இரவே எண்ணிக்கையைக் கேட்டு உறுதி செய்வது நல்ல ஏற்பாடு. உணவு வீணாவதை அது பெரிதும் குறைக்கும். தொலைவு எதுவானாலும் தனிக் கட்டணம் இல்லை என்பது, வாங்கும் எனக்கு வசதிதான் என்றாலும், நீடிக்கக்கூடியதாகத் தெரியவில்லை. ஐந்துக்கு நான்கு தருகிறேன். விலையை உயர்த்தினாலும் சந்தாவைத் தொடர்வேன்.