அப்பாவுக்கு வாங்கிய ப்ளூடூத் ஹெட்போன்: நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன்

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். இரும்பு அடிக்கும் சத்தத்திலேயே இருந்த காதுகள். இப்போது எழுபத்து நான்கு வயது ஆகிறது. இடது காது நன்றாகவே மந்தம், வலது காது பரவாயில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவருக்கு நாதஸ்வரம் கேட்டாக வேண்டும். போனில் யூடியூபைப் போட்டு, முழுச் சத்தம் வைத்து, திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். தவில் தனி ஆவர்த்தனம் ஓடுகிற வீட்டில் யார் தூங்க முடியும்? அம்மாவுக்காகத்தான் ஆயுத பூஜைத் தள்ளுபடியில் 1,799 ரூபாய் கொடுத்து இந்த ஹெட்போனை வாங்கினேன். தலைக்கு மேல் மாட்டும் வகை, காது முழுவதையும் மூடும்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை எந்தக் கம்பெனி ஹெட்போனிலும் வரக்கூடியவை. ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமாக இருக்காது. இந்த விலையில் பெரியவர்களுக்கு ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விலைக்குச் சத்தம் மிக நன்றாக இருக்கிறது. நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி கீச்சென்று குத்தவில்லை. தவிலில் தொப்பிப் பக்கத்து அடி கும்மென்று கேட்கிறது. அப்பா முதல் நாள் கேட்டுவிட்டு, "ஒத்துக்காரன் ஊதுறதுகூடத் தனியாக் கேக்குதும்மா" என்றார். எத்தனை வருடம் கழித்து அந்தச் சுருதி அவர் காதில் விழுந்ததோ. சார்ஜும் நிற்கிறது. தினமும் இரண்டு, இரண்டரை மணி நேரம் கேட்கிறார். பத்து நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். பஞ்சு மெத்தென்று இருக்கிறது. பகலில் மட்டும் திருச்சி வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்ட முடியாது, காதெல்லாம் வியர்த்துவிடுகிறது.

ஆனால் நான்கு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: வயதானவருக்கு வாங்கும் ஹெட்போனுக்குச் சத்தம் இரண்டாவதுதான். தினமும் அவர் தனியாகவே போட்டு, அது தானாகவே போனோடு சேர்ந்துகொள்கிறதா என்பதுதான் முதலாவது. அந்த விஷயத்தில் இது எங்களை நிறையச் சுற்ற விட்டது.

முதல் நாளே ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் "பவர் ஆன்" என்று ஒரு பெண் குரல் வருகிறது, நீல விளக்கு மினுக்குகிறது. போனில் ப்ளூடூத்தைத் திறந்தால் பட்டியலில் ஹெட்போனின் பெயரே இல்லை. பக்கத்து வீட்டு டிவி தெரிகிறது, யாருடைய வாட்சோ தெரிகிறது, இது மட்டும் இல்லை. அரை மணி நேரம் அணைத்து அணைத்துப் போட்டோம். பெட்டிக்குள் இருந்த தாளில் எழுத்து கடுகளவு. தமிழில் ஒரு வரிகூட இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தபிறகுதான் புரிந்தது. ஹெட்போனை ஆன் செய்வது வேறு, பேரிங் நிலைக்கு, அதாவது புதிய போனோடு முதல்முறை சேரும் நிலைக்கு, கொண்டுபோவது வேறு. இரண்டு விநாடி அழுத்தினால் வெறுமனே ஆன் ஆகும். ஏற்கெனவே பழகிய போனை மட்டும் தேடும், புதிய போனுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அணைத்த நிலையிலிருந்து பட்டனை விடாமல் ஏழு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மினுக்கும். அப்போதுதான் போனின் பட்டியலில் பெயர் வரும். எத்தனை விநாடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் ப்ளூடூத்துக்கென்றே தனிப் பட்டன் இருக்கும். விளக்கு எப்படி மினுக்குகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். "பவர் ஆன்" என்ற குரல் கேட்டதுமே பட்டனை விட்டுவிடுவது இயல்பு. அப்பாவும் அதைத்தான் செய்தார், நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் அப்பா ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கனெக்டட்னு சொல்லுது, ஆனா பாட்டு போன்லதான் வருது" என்றார். நான் மாட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு டீச்சர் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் என் மகள் டேப்லெட்டில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தமே வரவில்லை என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மதியம் அவள் தாத்தாவின் ஹெட்போனை டேப்லெட்டில் சேர்த்திருக்கிறாள். இந்த மாதிரி ஹெட்போன்கள் ஆன் ஆனதும் கடைசியாக எதோடு சேர்ந்திருந்ததோ அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். தாத்தாவின் மடியில் இருக்கும் போனா, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் டேப்லெட்டா என்று அதற்குத் தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருக்கும் மல்டிபாயின்ட் வசதி சில ஹெட்போன்களில் உண்டு, இதில் இல்லை. ஒருவிதத்தில் இல்லாததே நல்லது, அப்பாவுக்குக் குழப்பம் குறைவு. டேப்லெட்டின் பட்டியலிலிருந்து இதன் பெயரை எடுத்துவிட்டு, மகளுக்கு ஒயர் வைத்த பழைய இயர்போனைக் கொடுத்தேன். இது தாத்தாவுக்கு மட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதன்பிறகு இந்தப் பிரச்சினை வரவேயில்லை.

பெரிய சோதனை கார்த்திகை மாதத்தில் வந்தது. ஒருநாள் பாட்டு அடிக்கடி விட்டுவிட்டு வந்ததால், வீடியோ ஒன்றில் சொன்னபடி ஹெட்போனை ரீசெட் செய்தேன். இரண்டு பட்டனைச் சேர்த்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும், செய்தேன். அதோடு சரி, அதன்பின் போன் இதை ஏற்றுக்கொள்ளவேயில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, தொட்டால் "இணைக்க முடியவில்லை" என்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தபின் ஒருவர் பேசினார், போனை அணைத்துப் போடச் சொன்னார், சரியாகவில்லை. சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், பதினைந்து வேலை நாள் ஆகும் என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பாட்டே போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சின்ன செல்போன் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். முப்பது வயது இருக்கும் ஒரு தம்பி. ஹெட்போனைத் தொடவேயில்லை, "அக்கா, போனைக் கொடுங்க" என்றார். ப்ளூடூத் பட்டியலில் ஹெட்போன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பல்சக்கரக் குறியைத் தொட்டு, ஃபர்கெட், அதாவது மறந்துவிடு, என்பதை அழுத்தினார். பிறகு ஹெட்போனைச் சிவப்பு நீலம் மினுக்கும்வரை பிடித்தார். பட்டியலில் புதிதாகப் பெயர் வந்தது, தொட்டார், "கனெக்டட்". ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. "பேரிங் பண்ணும்போது ரெண்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கும் அக்கா. நீங்க ரீசெட் பண்ணதுல ஹெட்போன் தன் சாவியைத் தொலைச்சிருச்சு. போன் மட்டும் பழைய சாவியை வெச்சுக்கிட்டு நிக்குது. பூட்டை மாத்திட்டுப் பழைய சாவியைப் போட்டா எப்படித் திறக்கும்? அழிச்சா ரெண்டு பக்கமும் அழிக்கணும்." அந்த வீடியோவில் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொன்னார்கள். கஸ்டமர் கேரிலும் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், அப்பாவின் இரண்டு இரவுகள் வீணாகியிருக்காது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தம்பி காசு வாங்கவில்லை. மனசு கேட்காமல் ஒரு சார்ஜர் கேபிள் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைப் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

விட்டுவிட்டு வந்ததற்கு உண்மைக் காரணம் பிறகு தெரிந்தது. காலையில் நடக்கும்போதுதான் அதிகம் விட்டது. அப்பா போனைப் பேன்ட்டின் பின் பாக்கெட்டில், இடது பக்கம் வைப்பார். இந்த ஹெட்போனில் பட்டன், சார்ஜ் போடும் ஓட்டை எல்லாமே வலது காதுப் பக்கம். அலையைப் பிடிக்கும் பகுதியும் அங்கேதான் இருக்க வேண்டும். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. அதைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், நம் உடம்பிலோ பாதிக்கு மேல் தண்ணீர்தான். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் அப்பாவே சுவராக நின்றிருக்கிறார். சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. வீட்டுக்குள் விட்டது வேறு காரணத்தால். வைஃபை பெட்டி திண்ணை ஜன்னலிலேயே இருந்தது, அதுவும் அதே 2.4 அலையில். ப்ளூடூத் சும்மா ஒரே இடத்தில் நிற்பதில்லை, 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டேதான் ஓடுகிறது. இருந்தாலும் பக்கத்திலேயே ஒரு பெட்டி இரைந்துகொண்டிருந்தால் அதற்கும் சிரமம்தான். பெட்டியை ஹாலுக்குத் தள்ளி வைத்தேன். ஆக, ரீசெட்டே தேவைப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்று. தையில் ஒருநாள், போன் வந்தால் ஹெட்போனில் பேச முடிகிறது, பாட்டு மட்டும் போன் ஸ்பீக்கரில் வருகிறது. இந்த முறை நானே கண்டுபிடித்தேன். அதே சக்கரத்தைத் தொட்டால் உள்ளே அழைப்புக்கு ஒன்று, மீடியா ஆடியோவுக்கு ஒன்று என்று தனித்தனி ஸ்விட்ச் இருக்கிறது. பேச்சும் பாட்டும் ப்ளூடூத்தில் இரண்டு தனி வழிகளில் போகின்றன. மீடியா ஆடியோ எப்படியோ அணைந்திருந்தது. போட்டதும் பாட்டு வந்தது. பேசுவதற்கு இந்த ஹெட்போன் அவ்வளவு நன்றாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறதாம்.

சத்தம் போதவில்லை என்று அப்பா சொன்னதற்கும் ஒரு வழி இருந்தது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் போனின் வால்யூமையும் ஹெட்போனின் வால்யூமையும் ஒன்றாகக் கட்டிவைக்கின்றன. சில ஹெட்போன்களில் அது சரியாகப் பொருந்தாமல் சத்தம் குறைவாகவே நிற்கும். போன் செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்று மறைந்திருக்கும் ஒரு பட்டியல் திறக்கும். அதில் டிசேபிள் அப்சல்யூட் வால்யூம் என்பதைப் போட்டு, ஹெட்போனைத் திரும்ப இணைத்தால் இரண்டு வால்யூமும் தனித்தனியாகிவிடும். ஆனால் கவனமாக இருங்கள், சத்தம் சட்டென்று ஏறிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சமிருக்கும் வலது காதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, காது டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அப்பாவுக்கு வைத்துக் கொடுத்தேன். போனில் முக்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

குறை என்று நான் கம்பெனிக்கே எழுதி அனுப்பியது இரண்டுதான். ஒன்று, குரல் எல்லாம் ஆங்கிலத்தில். "பேரிங்" என்கிற குரலும் "பவர் ஆன்" என்கிற குரலும் மந்தக் காதுக்கு ஒன்றுபோலவே விழுகின்றன. தமிழ் வேண்டாம், வேறு வேறு மணிச் சத்தமாவது வைக்கலாம். இரண்டு, வலது பக்கத்து மூன்று பட்டன்களும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. தலையில் மாட்டியபின் எது எது என்று விரலுக்குத் தெரிவதில்லை. ஆன் செய்யப் போய்ப் பாட்டை மாற்றிவிடுவார், சத்தத்தைக் கூட்டப் போய் அணைத்துவிடுவார். பதில் இன்னும் வரவில்லை.

ஒரு வசதிக்காக மட்டும் இதை வாங்கியதில் எனக்கு முழுத் திருப்தி: ஒயர் செருகும் 3.5 எம்எம் ஓட்டை இருக்கிறது. ப்ளூடூத் என்ன மக்கர் செய்தாலும் ஒயரைச் செருகினால் பாட்டு வந்துவிடும், சார்ஜ் தீர்ந்திருந்தாலும் வரும். அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒயரை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் போனதுதான் கஷ்டம். இப்போது அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அப்பா அம்மாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையில் வாங்கினால் அங்கேயே போனில் ஒருமுறை இணைத்து, அழித்து, திரும்ப இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

பட்டன் பிரச்சினைக்கு அம்மாதான் வழி கண்டுபிடித்தார். தன் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து கல் வைத்த பொட்டு ஒன்றை எடுத்து ஆன் செய்யும் பட்டன்மேல் ஒட்டிவிட்டார். அப்பாவின் விரல் தடவிப் பார்த்து, கல்லைத் தொட்டதும் நின்று, அழுத்துகிறது. வியர்வையில் அது மாதத்துக்கு ஒன்று விழுந்துவிடுகிறது. இப்போது ஒட்டியிருப்பது மூன்றாவது, சிவப்புக் கல்.