நோட்டோ சான்ஸ் தமிழ்: பலகைக்கு நல்லது, கல்வெட்டுக்குச் சரிவராது

கிளிநொச்சியில ஏ9 வீதியோரம் சின்னதா ஒரு அச்சுக்கடை வைச்சிருக்கிறன். பனர், பெயர்ப்பலகை, செத்தவீட்டு நோட்டீஸ், 31ஆம் நாள் கல்வெட்டு (செத்தவையின்ர நினைவாக் குடுக்கிற புத்தகம்) எண்டு கைக்கு வாறதெல்லாம் செய்வன். கனகாலம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருதான். அதை விட்டதுக்குக் காரணம் ஒரு பென் டிரைவ். நான் அடிச்சுக் குடுத்த கல்யாணக் கார்டைப் பாமினி இல்லாத வேற கடையில திறந்தா, மாப்பிள்ளை பொம்பிளை பேரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கொட்டியிருக்கு.

நோட்டோ யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) எழுத்துரு, அந்தச் சில்லெடுப்பு இல்லை. எழுத்து இல்லாத இடத்தில வாற வெறுங் கட்டத்தைத் 'தோஃபு' எண்டுவினம். 'நோ தோஃபு' எண்டதுதான் நோட்டோ ஆனது. கூகிள் இலவசமாக் குடுக்குது, காசு வாங்கிற வேலைக்கும் போடலாம். பாமினித் தட்டலிலயே யூனிகோட் அடிக்க மென்பொருள் இருக்கு, அதால என்ர விரலுக்கும் கரைச்சலில்லை.

எனக்குப் பிடிச்சது கோட்டின்ர தடிப்பு. தொடக்கம் முடிவு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஸ்டிக்கர் வெட்டி உரிக்கேக்க மெல்லிய நுனி பிய்ஞ்சு வாறது நிண்டுபோச்சு. ஓடுற பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தாலும் 'புளியங்குளம்' தெளிவா விழும். மும்மொழிப் பலகைக்கு இதைவிடச் சுகம் இல்லை: நோட்டோவிலயே சிங்களமும் ஆங்கிலமும் இருக்கிறதால மூண்டு வரியும் ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி நிக்கும். முந்தி தமிழ் வரி மட்டும் மெலிஞ்சு, கடன் கேட்டு வந்த ஆள் மாதிரி ஓரத்தில கிடக்கும்.

ஒன்பது கனம் இருக்கு. நான் பாவிக்கிறது மூண்டுதான். ஆகத் தடிச்சதைச் சின்ன அளவில போட்டா ண, ஞ சுழியெல்லாம் அடைபட்டுப் போகும். வரி இடைவெளியும் தாராளம். 'கூ' கீழ இறங்க, அடுத்த வரி 'நீ' மேல ஏற, இடம் வேணும்தானே. ஆனா நாலடிப் பனருக்குள்ள எட்டு வரி கேக்கிற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்திறது பெரும்பாடு.

கல்வெட்டில மாட்டுப்பட்டன். முள்ளியவளையில இருந்து ஒரு வாத்தியார் ஐயா, மனுசியின்ர 'நினைவலைகள்' அடிக்க வந்தார். மாதிரியைப் பாத்திட்டு, "தம்பி, இது ஆஸ்பத்திரித் துண்டு மாதிரிக் கிடக்கு" எண்டார். அவருக்கு னை, லை ரெண்டும் பழைய துதிக்கையோட (முன்னால தனிக் கொம்பு போடாமல், எழுத்தோடயே ஒட்டி யானைத் தும்பிக்கை மாதிரி வளையிற கோடு) வேணும். 1978இல தமிழ்நாட்டு அரசு மாத்தின எழுத்து. அந்த உத்தரவு தன்னைக் கட்டாதாம். நோட்டோவில எனக்குத் துதிக்கை வரேல்ல. தடிப்பும் மெலிவும் உள்ள வேற எழுத்துரு எடுத்து, தலைப்புக்கு மட்டும் ரெண்டு துதிக்கையையும் கையால வளைச்சுப் போட்டன். அரைநாள் போச்சு.

ஐயா கண்ணாடியைத் துடைச்சு, பக்கம் பக்கமாப் பாத்தார். கடைசி அட்டைக்கு வந்ததும், "தொடர்பு இலக்கம் மட்டும் உந்தப் புது எழுத்திலயே இருக்கட்டும், அதுதான் எனக்குத் தெரியுது" எண்டார்.