இளம்பிள்ளை சேலை விற்க வாட்ஸ்அப் பிசினஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சேலம் அருகே சேலை நெசவுக்குப் பேர்போன ஊர் இளம்பிள்ளை. அங்கே கொஞ்சம் சரக்கு வாங்கி, வீட்டு பீரோவில் அடுக்கிவைத்து ரீசெல்லிங் தொடங்குகிறவர்கள் முதலில் போனில் ஏற்றுவது வாட்ஸ்அப் பிசினஸைத்தான். 2018-ல் வந்த ஆப், காசு கிடையாது, வாடிக்கையாளருக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிறவரைக் கவனிக்கும் கல்லாவாக நன்றாகவே உழைக்கும். ஆனால் ஆளை வாசலுக்கு அழைத்து வராது. இது புரியாமல் இறங்குகிறவர்கள்தான் மூன்றே மாதத்தில் 'ஆர்டரே வரலை' என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

வியாபாரத்துக்குத் தனி நம்பர் வையுங்கள். ஒரே நம்பரைச் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. கடையில் லேண்ட்லைன் இருந்தால் அதிலேயே தொடங்கலாம்; சரிபார்க்கும்போது குறுஞ்செய்திக்குப் பதில் 'கால்' வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனி சிம் என்றால் ரீசார்ஜை விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடலாம். வேறு ஆள் உங்கள் கணக்கைத் திறந்துவிடாமல் இருக்க, செட்டிங்ஸில் ஆறு இலக்க பின் (ரகசிய எண்) ஒன்றையும் போட்டு வையுங்கள்.

ஆப்புக்குள் சரக்கைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்டலாக்தான் இதில் உருப்படியான சமாச்சாரம். 500 சேலை வரை ஏற்றலாம், ஒவ்வொன்றுக்கும் 10 படம். முந்தானை, உடல், பார்டர், பிளவுஸ் துண்டு, பின்பக்கம் என ஐந்து படம் போட்டால் பாதிக் கேள்வி வராது. பின்பக்கத்தை எதற்கு என்று கேட்கலாம். மிதக்கும் நூல் (நெசவில் பின்பக்கம் பின்னாமல் நிற்கும் நூல்) வெட்டியிருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். நீளத்தை '6.3 மீட்டர், பிளவுஸ் சேர்த்து' என்று எழுதிவிடுங்கள். சாஃப்ட் சில்க் என்ற பெயரைப் பார்த்துப் பட்டு என்று நினைத்து வாங்கிவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. எந்த நூல் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

திரும்பி வரும் சேலைகளுக்குப் பெரும்பாலும் நிறம்தான் காரணம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் கிளிப்பச்சை ஒரு மாதிரி, மஞ்சள் பல்பில் எடுத்தால் கடுகு நிறம் இன்னொரு மாதிரி. காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், பின்னால் வெள்ளைச் சுவர், ஃபில்டர் வேண்டாம். சேட்டில் படம் அனுப்பும்போது ஆப் அதைச் சுருக்கிவிடும். ஜரிகை மங்கி, சின்ன புட்டா வெறும் புள்ளியாகிவிடும். எச்டி பட்டனைத் தட்டி அனுப்புங்கள், அல்லது டாக்குமெண்டாக அனுப்புங்கள். கேட்டலாக்கில் பெரிய குறை, இருப்புக் கணக்கு கிடையாது. நாலு கலரில் இரண்டு தீர்ந்ததை நீங்களே ஞாபகம் வைத்து மறைக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் இதுதான் முதலில் சொதப்பும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றுக்கு 256 பேர். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் முதல் பார்சலிலேயே கடைப் பெயரும் கியூஆரும் அச்சடித்த சீட்டை வைத்து, 'நம்பரைச் சேமித்தால் புது டிசைன் வரும்' என்று எழுதுங்கள். தினமும் இருபது படம் கொட்டினால் பிளாக் செய்வார்கள். நிறைய பேர் ரிப்போர்ட் செய்தால் கணக்கே முடங்கும். ஆயிரக்கணக்கில் ஒரே தட்டில் அனுப்ப ஜிபி வாட்ஸ்அப் மாதிரியான போலி ஆப் போடச் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் நம்பர் தடையானால் ஆப்பில் மறுபரிசீலனை கேட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

ஸ்டேட்டஸில் காலையில் போட்ட டிசைனை வாடிக்கையாளர் மட்டுமா பார்க்கிறார்? பக்கத்து ரீசெல்லரும் பார்த்து, லோகோவை வெட்டி, ஐம்பது ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவார். லோகோவை மூலையில் போடாமல் முந்தானை நடுவே மெல்லிசாகப் போட்டால் வெட்டுவது கஷ்டம், அவ்வளவுதான். முழுசாகத் தடுக்க முடியாது.

முகம் தெரியாத ஆள் வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்தான். சேலையை விரித்து உதறும் பத்து விநாடி வீடியோ, விலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, புரொஃபைலில் வாட்ஸ்அப் லிங்க். 'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்று எழுதினால் கேள்வி குவியும், ஆர்டர் குவியாது.

பணம் வந்ததாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நம்ப வேண்டாம். போலி ரசீதுப் படம் தயாரிக்க நிமிடம் போதும். பேங்க் ஆப்பைத் திறந்து வரவைப் பார்த்த பிறகுதான் 'பணம் வந்தது' லேபிளைப் போடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எந்த நேரத்திலும் தேவையில்லை; அதை அடிக்கச் சொல்கிறவர் உங்களிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார். ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் சேர்கிறது. சேலைப் படமும் வீடியோவும் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும், பேக்கப் நின்றுபோகும். பேக்கப்பில் வீடியோவை நீக்கிவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், நம்பர், முகவரியைத் தனியாக ஒரு நோட்டிலோ எக்செலிலோ எழுதி வையுங்கள். நாளுக்குப் பத்து இருபது பார்சல் வரை இந்த ஏற்பாடு தாராளம். அதற்கு மேல் போனால் தனி பில்லிங் சாஃப்ட்வேரும், பதில் சொல்ல இன்னொரு ஆளும் வேண்டும். அந்த ஆளுக்கு 'லிங்க்டு டிவைஸ்' வழியாக வேறு போனில் திறந்து கொடுக்கலாம், நான்கு கருவி வரை அனுமதி.