மிளாவுக்குத் தீவன விதை என்று 11,400 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில் எனக்கு அறுபது சென்ட் வாழை இருக்கிறது. பெரும்பாலும் ஏத்தன், கொஞ்சம் மட்டி. இரவில் மிளா, அதாவது பெரிய காட்டு மான், இறங்கினால் காலையில் கன்றுகளில் குருத்து இருக்காது. அந்த வேதனையை ஒருவன் காசாக்கிவிட்டான். நேற்று இரவு அந்த விதைக் கடைக்காரர்களிடம் கடைசியாகப் பேசினேன். இன்னும் ஆறவில்லை.

இணையத்தில் விதை விற்கும் ஒரு கடை அது. வாழைக்கும் காட்டுக்கும் நடுவில் தரிசாகக் கிடக்கும் இருபது சென்டில் ‘மான் தீவனக் கலவை’ விதைத்தால், மிளா அதை மேய்ந்துவிட்டுத் திரும்பிவிடும், வாழையைத் தொடாது என்று விளம்பரம். வெள்ளைக் குளோவர், சிக்கரி என்ற இரண்டு தீவனச் செடிகளின் விதை கலந்ததாம். அமெரிக்காவில் மானுக்கென்றே விதைக்கிறார்களாம்.

அழைத்தேன். எடுத்தவர், “அண்ணாச்சி, இடவப்பாதி தொடங்குவதற்குள் விதைத்துவிடுங்கள், மழை பிடித்துக்கொள்ளும்” என்றார். இடவப்பாதி! தென்மேற்குப் பருவமழைக்கு எங்கள் பக்கத்துப் பேர். வெளியூர்க்காரன் வாயில் அந்தச் சொல் வருமா? நம் பக்கத்துப் பிள்ளை என்று மனம் இளகிவிட்டது. அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தேன். இருபது சென்டுக்கு நான்கு கிலோ வேண்டும் என்றார். கிலோ 2,850 ரூபாய், மொத்தம் 11,400. கடையின் கணக்குக்கு அல்ல, அவர் சொன்ன தனி எண்ணுக்கே அனுப்பினேன். பேரனின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்திருந்த பணம் அது.

வந்தது சாதாரண பிளாஸ்டிக் உறை. முளைப்புத்திறன், பரிசோதித்த நாள், குவியல் எண் (லாட் நம்பர்) எழுதிய விவரச் சீட்டு எதுவும் அதில் இல்லை. விதையில் பூசியிருந்த பச்சைச் சாயம் விரலில் ஒட்டியது. மழை நன்றாகவே பெய்தது. இரண்டு வாரம் கழித்தும் தரையில் கோரைதான் நின்றது. மிச்ச விதையில் நூறு எண்ணி, பழைய வேட்டித் துணியை நனைத்து என் மனைவி சுருட்டி வைத்தாள். ஏழாம் நாள் பிரித்தோம். ஆறு முளைத்திருந்தன. மற்றவை அழுகி, துணியில் பச்சைக் கறையாக ஒட்டிக் கிடந்தன.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் “பத்து நாள் பொறுங்கள்” என்றார்கள். அடுத்து, “வெந்நீரில் ஊறவைத்தீர்களா?” அது வேலிமசால் என்ற தீவனப் பயிருக்குச் செய்வது, இதற்கு அப்படிச் செய்யச் சொல்லவே இல்லையே என்றதும் பேச்சு மாறி, “உங்கள் மண் புளிப்பு மண்” என்றார்கள். விற்கும்போது தெரியாதா, எங்கள் செம்மண் எப்படிப்பட்டது என்று? பிறகு, முதலில் என்னிடம் பேசி விற்ற பையன் வேலையை விட்டுவிட்டானாம். கடைசியில் ஒரு குறுஞ்செய்தி: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.” எது தீர்ந்தது? என் 11,400 ரூபாயா?

இதைவிட நெஞ்சைச் சுட்டது, ரோந்து வந்த வனக்காவலர் சொன்னது. “அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மானை வரவழைக்க விதைப்பதை நீங்கள் மானை விரட்டவா விதைத்தீர்கள்? முளைத்திருந்தால் இன்னும் நாலு மிளா வந்திருக்கும்” என்றார். குளோவர் குளிர்ப் பிரதேசப் பயிர் என்பதும், ஏக்கருக்கே நான்கு கிலோ தாராளம் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. விவரச் சீட்டு இல்லாத விதை உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். தனி எண்ணுக்குப் பணம் போடாதீர்கள், ரசீது கேளுங்கள். விதைக்கும் முன்பே நூறு விதையை ஈரத்துணியில் போட்டுப் பாருங்கள், நான் பின்னால் செய்ததை நீங்கள் முன்னால் செய்யுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் அதில் புகார் பதிந்துவிட்டேன். அந்த உறையையும் துணியையும் அப்படியே எடுத்துவைத்திருக்கிறேன்.