மன்னாரின் பூட்டும் ஆஸ்திரேலியாவின் வண்ணங்களும்

கடலைப் பூங்காவாக்கிய பிறகு அங்கே யார் போகலாம், யார் மீன் பிடிக்கலாம்? மன்னார் வளைகுடாவில் இதற்கு ஏறக்குறைய ஒரே பதில்: அனுமதியின்றி யாரும் கூடாது. 1986-இல் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலுமாக 560 சதுர கி.மீ. தேசியப் பூங்கா ஆனது. பூட்டு வீண் என்று சொல்லமாட்டேன். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் மூழ்கிப் போயின. அந்த வெட்டு இன்று இல்லை.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பூங்கா 3,44,400 சதுர கி.மீ. இரண்டரைத் தமிழ்நாடு! அங்கே கடலை வண்ணம் வண்ணமாகப் பிரித்திருக்கிறார்கள். இளஞ்சிவப்பில் அனுமதியின்றி நுழையவே முடியாது. பச்சையில் நீந்தலாம், முக்குளிக்கலாம், மீனைத் தொடக்கூடாது. மஞ்சளில் ஆளுக்கு ஒரு கயிறு, ஒரு தூண்டில்முள். அடர்நீலத்தில் இழுவைமடிக்கு, அதாவது படகு இழுத்துச் செல்லும் பெரிய வலைக்குத் தடை. வெளிர்நீலத்தில் அதுவும் உண்டு. இந்த வரைபடம் தூண்டில் கடைகளிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சுற்றுலாப் படகில் வருபவர்களிடம் வாங்கும் கட்டணம் பூங்கா நிர்வாகத்துக்குப் போகிறது.

2004-இல் மீன்பிடிக்கத் தடையான பரப்பை 5 சதவீதத்துக்கும் கீழிருந்து 33 சதவீதமாக உயர்த்தியபோது அங்கேயும் மீனவர்கள் கொதித்தார்கள். அரசு 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. நம் பக்கம் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் வந்தது, அதுவும் பூட்டு விழுந்து பல வருஷம் கழித்து.

அந்தப் பூட்டு யார் கையைக் கட்டியது என்று பாருங்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் புடவைக்கு மேல் சட்டை மாட்டி, பாறை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். தீவோரம் போனால் வனத்துறை பிடிக்கும். ஆனால் வியாபாரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ், ஊர் வழக்கில் பெப்சி பாசி, யாரையும் கேட்காமல் குருசடைத் தீவின் பவளத்தில் ஏறிப் படர்ந்துவிட்டது. அதை எந்தச் சட்டம் மறிக்கும்?

கடல் சூடேறினால் இரண்டு ஏற்பாடும் கைவிரிக்கும். 2016-இல் இரண்டு இடத்திலும் பவளம் வெளுத்தது.

ஆஸ்திரேலிய வரைபடத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. அங்கே கரையில் ஆள் குறைவு. இங்கே வரிசையாக மீனவக் கிராமங்கள். இருந்தாலும் என் ஓட்டு மஞ்சளுக்கு. தேசியப் பூங்காச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் சட்டத்தைத் திருத்தட்டும். கையால் பாசி எடுப்பவர்களுக்குச் சில தீவோரங்களை, சில மாதங்களுக்குத் திறக்கலாம். எந்தத் தீவு, எந்த மாதம் என்பதை அந்தப் பெண்களைக் கேட்டே வரையலாம். இழுவைமடிக்கு மட்டும் பூட்டு அப்படியே இருக்கட்டும்.